கண்டியில் ஒரு மாதமா, பக்கத்தில் வாரம் அரை நாளா?

குடும்ப மருத்துவப் பட்டப்பின் பயிற்சியில் இருக்கிற தம்பி தங்கைமார் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கண் மருத்துவத்துக்கென்று அட்டவணையில் கொஞ்சம் நேரம் வாங்க முடிந்தால் அதை எப்படிச் செலவழிப்பது? கண்டி தேசிய வைத்தியசாலை மாதிரிப் பெரிய இடத்தில் மொத்தமாக ஒரு மாதம் போய் இருப்பதா, வேலை செய்கிற ஊருக்குப் பக்கத்துக் கண் கிளினிக்குக்கு வாரம் அரை நாள் என்று வருஷம் முழுக்கப் போய்வருவதா, பாடசாலை, தோட்டம் என்று நடக்கிற கண் முகாம்களோடு சுற்றுவதா, இல்லை ஒன்லைன் பாடமும் போன் கேமராவும் போதுமா? நாலுக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறது. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் வேலை செய்யப்போகிறவருக்கு வாரம் அரை நாள்தான் சரி, ஆனால் அதைத் தொடங்கும் முன்னால் ஒரு வாரமாவது பெரிய ஆஸ்பத்திரியின் கண் அவசரப் பிரிவில் நின்றிருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். காலத்தில் கண்ணுக்குக் கிடைப்பது சில வாரங்கள். அதில் பாதி நேரம் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததாகத்தான் நம்மில் பலருக்கு ஞாபகம். அப்புறம் இன்டர்ன்ஷிப். ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொன்று, மெடிசின், சேர்ஜரி, குழந்தை, பிரசவம் என்று அதற்குள் வருஷம் ஓடிவிடும், கண் பக்கம் போகவே மாட்டோம். பிறகு ஒரு பிரதேச வைத்தியசாலைக்குப் போஸ்டிங் வரும், ஓ.பி.டி.யில் முதல் நாளே கண் சிவந்து ஒருவர் வந்து உட்காருவார்.

அவருக்குக் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுப்பது டொக்டருக்கு அரை நிமிஷ வேலை. வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது தோட்டத்தில் ஒரு நாள் கூலி, போச்சு. கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்தால் திரும்பும்போது எல்லாம் மங்கலாக இருக்கும், தனியாக பஸ் ஏற முடியாது, அதனால் கூடப் போகிற மகளுக்கோ மருமகளுக்கோ இன்னொரு பேர் போச்சு. தோட்டத்து நாள் சம்பளம் 2021-ல் 1,000 ரூபாவும் 2024-ல் 1,350 ரூபாவும் ஆவதற்கு எவ்வளவு இழுபறி நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தச் சம்பளத்தில் இரண்டு நாளை நம் துண்டு தின்றுவிடுகிறது. பஸ் காசு, சாப்பாடு தனி. போய்ப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை, சொட்டு மருந்து விடுங்கள்' என்று சொல்லி அனுப்பினால், அடுத்த முறை உண்மையிலேயே கண் போகிற நிலைமை வந்தாலும் அவர் போகமாட்டார். ஆகவே இங்கே தேவையில்லாமல் அனுப்புவதும் தவறு, அனுப்ப வேண்டியவரை வைத்துக்கொண்டிருப்பதும் தவறு. யாரை இன்றிரவே அனுப்புவது, யாரை அடுத்த கிழமை அனுப்புவது, யாரை அனுப்பவே வேண்டாம் என்று பிரித்தறியத்தான் பயிற்சி. நாலு வழியையும் நான் இந்தத் தராசில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் என்பதன் பலம் கூட்டம். ஒரு கிழமையில் அங்கே பார்க்கிற சிவந்த கண்களை நம் ஊரில் பல மாதம் காத்திருந்தாலும் பார்க்க முடியாது. குறிப்பாகச் சில விஷயங்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும், புத்தகம் போதாது. கண்ணுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிற திடீர் குளுக்கோமா அப்படி ஒன்று. வயதான அம்மா, இரவில் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. ஓ.பி.டி.யில் பனடோலும் காஸ்ட்ரிக் மாத்திரையும் கொடுத்து அனுப்புகிற ஆபத்து நிறைய. ஒரு கண் மட்டும் சிவந்திருக்கும், கண்மணி பாதி விரிந்து டோர்ச்சுக்கு அசையாமல் நிற்கும், கருவிழி பனி படிந்த மாதிரி மங்கியிருக்கும், மூடிய இமைக்கு மேலாக விரல் வைத்தால் அந்தக் கண் கல் மாதிரி இருக்கும். ஒரு தடவை தொட்டவருக்கு அது மறக்காது. அனுப்பும் முன்னால் கண் அழுத்தத்தைக் குறைக்கிற அசெட்டசோலமைட் கொடுக்கலாமா என்று போனில் கேட்டுக்கொள்கிற தைரியமும் அப்போதுதான் வரும்.

பலவீனம் என்னவென்றால், அங்கே வருகிற எல்லோரும் யாரோ ஒருவர் ஏற்கெனவே சலித்துப் பிரித்து அனுப்பியவர்கள். நமக்கு வேண்டியது அந்தச் சலிக்கிற வேலை, அதை அங்கே யாரும் செய்வதில்லை. இன்னொன்று, அங்கே எல்லாம் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்லிட் லேம்ப் கருவியில் நடக்கிறது. ஒரு மாதம் அதில் பழகிவிட்டு, டோர்ச்சும் கண்ணுக்குள் பார்க்கிற பழைய ஒப்தல்மொஸ்கோப்பும் மட்டும் இருக்கிற இடத்துக்குத் திரும்பினால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். கண் நிபுணராகப் படிக்கிற ரெஜிஸ்ட்ரார்கள் இருக்கிற யூனிட்டில் குடும்ப மருத்துவப் பயிற்சியாளர் வரிசையில் கடைசி ஆள் என்பதையும் சொல்ல வேண்டும். பாவம், அவர்களுக்கும் பரீட்சை இருக்கிறது. கேட்டராக்ட் சேர்ஜரி பார்க்கலாம் என்று ஆசையாகப் போகிறவர்களிடம் நான் சொல்வது, ஒன்றிரண்டு பாருங்கள், போதும். 'கண்ணைப் பிடுங்கி எடுத்து வெளியே வைத்துச் செய்வார்களாம்' என்று பயந்து வருஷக் கணக்கில் தள்ளிப்போடுகிற தாத்தாவுக்கு, மரக்க ஊசியோ சொட்டு மருந்தோ போட்டு, விழித்திருக்கும்போதே செய்து முடிப்பார்கள் என்று பார்த்த ஆளாகச் சொல்லலாம். அதற்கு மேல் தியேட்டரில் நிற்கிற நேரம் வீண். ஒரு மாதம் முடிந்து மூன்றாவது மாதம் வரும்போது பாதி மறந்தும் போயிருக்கும்.

வாரம் அரை நாள் என்பது பார்வைக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கண்ணைப் படிப்பதில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணைப் படிப்பதுதான். நூற்றுக்கணக்கான நல்ல கண்மணிகள் டோர்ச்சுக்குச் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான் சுருங்காத ஒன்று சட்டென்று உறுத்தும். டோர்ச்சை ஒரு கண்ணில் இருந்து மற்றதற்கு ஆட்டி ஆட்டிப் பார்க்கிற சோதனையை எடுங்கள். இருட்டான அறை, நோயாளி தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும், வெளிச்சம் ஒரு கண்ணில் இரண்டு மூன்று வினாடி, பிறகு சட்டென்று மற்றக் கண். வெளிச்சம் வந்ததும் சுருங்க வேண்டிய மணி மெதுவாக விரிந்தால் அந்தப் பக்க நரம்பிலோ விழித்திரையிலோ பெரிய கோளாறு. கருவி செலவு ஒரு டோர்ச். ஆனால் இதை ஒரு மாதத்தில் அவசரமாகப் படித்தவர் எல்லோரிலும் விரிவதாகப் பார்ப்பார் அல்லது யாரிலும் பார்க்கமாட்டார். கையும் கண்ணும் பழக மாதக்கணக்கு வேண்டும்.

இதை விடப் பெரிய லாபம் அனுப்பியவரைத் திரும்பப் பார்ப்பது. செவ்வாய்க்கிழமை நீங்கள் துண்டு எழுதிய ஆளை வியாழக்கிழமை கிளினிக்கில் நீங்களே நிபுணருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தால், எழுதியது சரியா, தேவையில்லாமல் ஒரு பேரைப் போக்கடித்தோமா என்று அங்கேயே தெரிந்துவிடும். கண்டியில் ஒரு மாதம் இருந்தால் இது கிடைக்காது. அந்த நிபுணரின் போன் நம்பரும், 'இந்தப் பிள்ளை சொன்னால் நம்பலாம்' என்ற எண்ணமும் கிடைப்பது தனி. பயிற்சி முடிந்தும் அது கூட வரும்.

எங்கள் பக்கத்துக் கண் காயங்களும் தனி ரகம். கவ்வாத்து வெட்டும்போது கிளை தெறித்துக் கண்ணில் படுவது, களைநாசினி அடிக்கும்போது தெறிப்பது, குளவி கொட்டுவது. குளவி கலைந்தால் ஒரே நேரத்தில் பலபேர் வந்து விழுவார்கள், எல்லோரும் மூச்சு, பிரஷர் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது இமை வீங்கி மூடிப்போன கண்ணை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். உயிர் முதலில், சரி. ஆனால் ஆள் சமநிலைக்கு வந்த பிறகு இமையை மெதுவாக விலக்கி, விரல் எண்ணத் தெரிகிறதா, கொடுக்கு கருவிழியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிழியில் கொட்டியிருந்தால் அது இரவே அனுப்புகிற கேஸ். இதையெல்லாம் கொழும்பில் இருந்து வருகிற பாடத்திட்டத்தில் தேடாதீர்கள்.

கவ்வாத்துக் காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் முதல்நிலை டொக்டர் ஒரு கண்ணைக் காப்பாற்றவும் முடியும் கெடுக்கவும் முடியும். ஆள் வந்ததும் முதலில் பார்வையை அளந்து எழுதுங்கள். சாயம் தோய்ந்த ஃபுளோரசீன் பட்டையை ஒரு துளி சேலைனில் நனைத்துக் கீழ் இமைக்குள் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக எரியும். மேல் இமையைப் பிரட்டிப் பாருங்கள், இலைத் துணுக்கு அங்கே ஒட்டியிருக்கும், கீறல்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக இருந்தால் அநேகமாக அதுதான் காரணம். வெறும் கீறல், வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை என்றால் குளோரம்பெனிக்கோல் என்கிற ஆன்டிபயோடிக் களிம்பு. நேபாளத்தின் பக்தபூரில் செய்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கருவிழிக் கீறல் உள்ளவர்களுக்குக் கிராமத்துத் தொண்டர்கள் 1 சதவீத குளோரம்பெனிக்கோல் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று தரம், மூன்று நாள் போட்டுவிட்டார்கள். காயம் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் வந்த ஒருவருக்குக்கூட புண் வரவில்லை. 24 மணித்தியாலம் தாண்டி வந்தவர்களில் கால்வாசிக்கு மேல் புண்ணாகிவிட்டது. ஒரு டியூப் களிம்பும் அன்றே பார்க்கிற ஒரு ஆளும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதே கண்ணுக்கு, சிவப்புக் குறையட்டும் என்று ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்து எழுதினால் கதை வேறு. செடி கொடியால் பட்ட காயத்தில் பூஞ்சணம் இருக்கலாம், ஸ்டீரொயிட் விட்டால் அது கொண்டாட்டமாக வளரும், நோயாளிக்கோ இரண்டு நாள் சுகமாக இருக்கிற மாதிரி இருக்கும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒன்றும் யோசிக்காமல் அன்றே அனுப்ப வேண்டும்.

களைநாசினி தெறித்த கண்ணுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் போன். குறைந்தது அரை மணித்தியாலம், சேலைன் இருந்தால் சேலைன், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர். கழுவியது போதுமா என்று பார்க்க பி.எச். தாள் இல்லாவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் இருக்கிற பி.எச். கட்டத்தை வெட்டிக் கண்ணீரில் தொட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரிச் சில்லறை வித்தைகளைச் சின்ன ஆஸ்பத்திரியில் நாள் பட்டவர்கள்தான் சொல்லித் தருவார்கள்.

வாரம் அரை நாளுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. நான் வேலை செய்த ஒரு இடத்தில் கண் கிளினிக் நாள் வந்தாலே 'தம்பி, இன்றைக்கு ஆள் இல்லை, ஓ.பி.டி.யைப் பார்த்துவிட்டு அங்கே போ' என்பார்கள். ஓ.பி.டி. முடியும்போது கண் கிளினிக்கும் முடிந்திருக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மார் வரிசையாக வெளிநாடு போனதில் இந்தப் பிரச்சினை இன்னும் கூடியது. மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி மூடினால் அந்த வாரமும் போச்சு. கேட்டால் வருஷம் முழுக்க, கணக்குப் பார்த்தால் பாதி. ஆகவே அட்டவணையில் எழுதி, பொறுப்பானவரின் கையெழுத்தோடு வாங்காத அரை நாளை அரை நாளாக எண்ணாதீர்கள். கிளினிக்கிலும் சும்மா பக்கத்தில் உட்காரக் கூடாது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, முதல் பத்துப் பேரை நீங்கள் பார்க்க வேண்டும்: பார்வை, பின்ஹோல் (சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கவைப்பது), கண்மணி, சிவப்பு ஒளி (ஒப்தல்மொஸ்கோப் வெளிச்சத்தில் கண்மணிக்குள் தெரிகிற சிவப்பு), பிறகு நிபுணரிடம் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அவர் அப்புறம் பார்த்துத் திருத்தட்டும்.

முகாம்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) குழுவோடு போனால் ஒன்றாம், நாலாம், ஏழாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் பார்வையை வேகமாகப் பார்க்கப் பழகலாம். ஆறு மீட்டர் நீளமான அறை கிடைக்காத இடத்தில் மூன்று மீட்டர் அட்டை, எழுத்துத் தெரியாதவருக்கு 'ஈ' திசை காட்டுகிற அட்டை, இதெல்லாம் அங்கேதான் கைக்கு வரும். ஆனால் முகாமில் பார்த்த ஆளை மறுபடி பார்ப்பதில்லை, துண்டு எழுதிய பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. முழுப் பயிற்சியாக அது நிற்காது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் முகாமை விட்டால் வேறு இடமில்லை: வெள்ளெழுத்து. நாற்பது தாண்டிய கொழுந்து பறிக்கிற அக்காவுக்குக் கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி எதற்கு, அவர் என்ன பேப்பரா படிக்கிறார் என்று நம் ஆட்களே கேட்பார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்தது. நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கண்ணாடி கொடுத்து, பறித்த கொழுந்தின் எடையை ஒப்பிட்டபோது, கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களை விட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஐம்பது தாண்டியவர்களில் வித்தியாசம் இன்னும் அதிகம். இரண்டு இலையும் மொட்டும் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது! வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி பார்ப்பது நிதானமாகச் செய்தாலும் ஐந்து நிமிஷ வேலை, எந்தக் கன்சல்டன்ட்டும் இதைச் சொல்லித்தர நேரம் ஒதுக்கமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூலியோடு நேராகத் தொடர்புள்ள கண் வைத்தியம் இதைவிட எங்கள் பக்கத்தில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒன்லைன் வழியைப் பழைய ஆட்கள் கேலி செய்கிறார்கள், நான் செய்யமாட்டேன். சீனி வருத்தக்காரரின் விழித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகை என்றால் கண்டுபிடித்த உடனேயும் அதன் பிறகு வருஷா வருஷமும் பார்க்க வேண்டும். கையில் பிடிக்கிற ஒப்தல்மொஸ்கோப்பால் தெரிகிற வட்டம் சின்னது, மருந்து விட்டு மணியை விரிக்காமல் பார்த்தால் அதிலும் பாதி. வருஷக் கணக்கில் பழகினாலும் தவறவிடுவோம். இங்கிலாந்தில் 2003-ல் தொடங்கி சீனி வருத்தக்காரர் எல்லோருக்கும் விழித்திரைப் படம் எடுக்கிற திட்டம் வந்தது. வேலை செய்கிற வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது வருஷமாக முதல் காரணமாக இருந்த நீரிழிவு விழித்திரை நோய் அந்த இடத்தில் இருந்து இறங்கிவிட்டது என்று 2014-ல் எழுதினார்கள். அந்தத் திட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆகவே ஒப்தல்மொஸ்கோப்பில் மன்னனாவதற்குப் பல மாதம் செலவழிப்பதை விட, நல்ல படத்தைப் பார்த்து 'இது சாதாரணம், இது இல்லை' என்று சொல்லப் பழகுவது பிரயோசனம். அதை இரவு சாப்பிட்ட பிறகு வீட்டில் இருந்தே பழகலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்து, படத்தை அனுப்பி, தூரத்தில் இருக்கிற டொக்டரோடு வீடியோவில் நோயாளியைப் பேசவைக்கிறார்கள், நன்றாகவே நடக்கிறது. ஆனால் அவர்களும் கையால் செய்யும் வேலையை நேரில்தான் படித்தார்கள். இமை பிரட்ட, தூசி எடுக்க, கண் கழுவ வீடியோ உதவாது.

இப்போது சொல்லுங்கள், கண்டி ஒரு மாதம் யாருக்குப் பொருந்தும்? பக்கத்துக் கண் கிளினிக் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் நடக்கிறது என்றால், அல்லது வாராவாரம் விடவே மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள் என்றால், மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். அப்போதும் காலையில் அவசரப் பிரிவு, பின்னேரம் குழந்தைகள் கிளினிக் என்று கேளுங்கள், பிறந்த பிள்ளையின் கண்ணில் சிவப்பு ஒளி வராமல் வெள்ளையாகத் தெரிவதை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வாருங்கள். சிங்களம் பேசுகிற பயிற்சியாளர்களுக்கு மட்டும் நான் எப்படியும் வாரம் அரை நாளைத்தான் சிபாரிசு செய்வேன். கண் கூசுது, உறுத்துது, பூச்சி பறக்குது என்று நம் ஆட்கள் சொல்வது அவர்களுக்குப் பிடிபட மாதங்கள் ஆகும்.

நான் போடுகிற அட்டவணை இதுதான்: தொடக்கத்தில் ஒரு வாரம் கண்டியிலோ கொழும்பு தேசிய கண் மருத்துவமனையிலோ அவசரப் பிரிவு. பிறகு பக்கத்துக் கிளினிக்கில் வாரம் அரை நாள், அதில் மாதத்துக்கு ஒன்றைச் சீனி வருத்த கிளினிக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். தவணைக்கு ஒரு முகாம். படம் பார்க்கிற பழக்கம் வீட்டில். இத்தனைக்கும் முன்னால் நீங்கள் வேலை செய்கிற இடத்தில் பார்வை அட்டை, பின்ஹோல், நீல வெளிச்ச டோர்ச், ஃபுளோரசீன் பட்டை, குளோரம்பெனிக்கோல் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை, இல்லாவிட்டால் படித்ததைச் செய்து பார்க்க வழியில்லை.

நேரம் கேட்டுக் கடிதம் எழுதும்போது கிழமையையும் நீங்களே எழுதிவிடுங்கள், அவர்களிடம் விடாதீர்கள். திங்கட்கிழமை கேட்காதீர்கள். அன்றைக்கு ஓ.பி.டி. வரிசை கேட்டுக்கு வெளியே நிற்கும், யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.